அவளுக்குப் பின்னால் யார்?

மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவர்களுக்குச் ‘சுழல்’ தொடரின் அங்காளம்மனைக் கண்டு பயம் வராது. பழைய தென்னார்க்காட்டில் மேல்மலையனூருக்குப் போய்வராத குடும்பங்கள் குறைவு. மகா சிவராத்திரிக்கு மறுநாள் சுடுகாட்டுக்கு ஊர்வலம் போகும். அம்மன் வேடம் கட்டியவர்கள் எலும்பைக் கவ்விக்கொண்டு ஆடுவார்கள். சூறைவிடும் தானியத்தையும் கிழங்கையும் பெண்கள் மடியில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. அவனுக்கு இடும் சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. சோற்றைத் தரையில் இறைத்து, கபாலத்தைக் கீழே இறங்கவைத்து, மிதித்து அடக்குகிறவள் அங்காளம்மன். கணவனைப் பிடித்ததை ஓட்டிய மனைவியின் கதை இது. அந்த மனைவியின் வேடத்தைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்தது. எட்டுப் பகுதிகள். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் சிமெண்ட் ஆலை எரிகிறது. அதே நேரத்தில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. தொடர் நெடுகிலும் திருவிழாவின் ஒவ்வொரு சடங்கும் துப்பறிதலின் ஒவ்வொரு கட்டத்தோடும் ஒட்டிவருகிறது. அதனால் இதைக் குற்றத் தொடர் என்பதா, பேய்த் தொடர் என்பதா என்று பார்க்கிறவர்கள் தடுமாறினார்கள். என் மாணவிகள் தடுமாறவில்லை. அவர்களுக்கு அது ‘அம்மன் சீரிஸ்’.

ஆங்கிலத் தொடர்களில் வரும் ‘விட்ச்’சுக்கு நம்மிடம் ஒரே நேர்ச்சொல் கிடையாது. சூனியக்காரி, மந்திரக்காரி, பேய்ச்சி, நீலி, மருள் வந்து ஆடுகிறவள் என்று அந்த ஒருத்தியின் வேலையை இங்கே பல பெண்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவளைப் பார்க்கும்போது எழும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தொடர்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

தொடர் முடிவதற்குள் துப்புகளைக் கோத்து நாமே ஒரு விடையைக் கட்டுவதைத்தான் மாணவிகள் ‘தியரி’ என்கிறார்கள். தமிழ் படித்தவர்கள் இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் ஒரு சொல்லை வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு பூட்டி ‘மாட்டு’ என்று பொருள் சொன்ன நச்சினார்க்கினியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். முதல் பகுதியில் சுவரில் தொங்கிய படத்தை ஆறாம் பகுதியில் வரும் வசனத்தோடு மாட்டுகிற இளங்கலை மாணவிக்கு உரையாசிரியரின் மூளை இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ‘மர்மதேச’த்தின் ‘விடாது கருப்பு’ ஓடியபோது எங்கள் தலைமுறையும் இதைச் செய்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடரில், குற்றம் செய்தவர்களைத் தண்டிக்கும் கருப்பு யார் என்று வாரம் முழுக்கப் பேசித் தீர்த்தோம். கருப்பு ஆண் தெய்வம், ஆகவே பட்டியலில் இருந்ததெல்லாம் ஆண்களின் பெயர்கள். இன்றும் அந்தத் தொடரைப் புதிதாகத் தேடிப் பார்க்கும் பிள்ளைகள் இருப்பதால் விடையைச் சொல்லமாட்டேன்.

‘சுழல்’ வந்த வாரத்தில் வகுப்பில் கேட்ட தியரிகளுக்கு வருகிறேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் ஆலையைச் சந்தேகித்தார்கள். ஆலைக்கும் ஊருக்கும் நடுவில் வளர்ந்தவர்களின் தியரி அது. அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து வந்தவை எல்லாம் பெண்களைப் பற்றியவை. நாத்திகரான கணவரை விட்டு விலகிப் பக்தியில் மூழ்கிய அம்மா தேவி ஏதோ நரபலி கொடுத்துவிட்டாள் என்று ஒரு தியரி. இன்ஸ்பெக்டர் ரெஜினா தன் மகனைக் காப்பாற்ற எல்லாவற்றையும் மறைக்கிறாள் என்று இன்னொன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் அக்கா நந்தினியின் பார்வையே சரியில்லை என்று மூன்றாவது. கோபமாக இருக்கும் பெண், சாமி கும்பிடும் பெண், அதிகாரத்தில் இருக்கும் பெண் என்று ஒருத்தி விடாமல் பட்டியலில் ஏறினார்கள்.

வீட்டுக்குள்ளேயே, எல்லாருக்கும் உதவியாக, சிரித்த முகத்தோடு இருந்த உறவுக்காரர் குணாவைக் கடைசிவரை யாரும் எழுதவில்லை. இளங்கோ குமரவேல் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு சாதுவாகச் செய்திருந்தார். அவர்தான் நந்தினியையும் அவளுக்குப் பிறகு நிலாவையும் சிறுவயதிலேயே சீரழித்தவர். தொடர் இதை ஒளித்துவைத்ததாகவும் சொல்ல முடியாது. திரும்பப் பார்த்தால் அவர் காட்சிக்குக் காட்சி இருக்கிறார். நமக்குத்தான் அங்கே பார்க்கத் தோன்றவில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது இரண்டு மாணவிகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எந்தத் தியரியும் சொல்லாதவர்கள். நான் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒருத்தி அவளாகவே வந்து பேசினாள். அது இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல.

கடைசியில் நந்தினி குணாவைக் கொல்கிறாள். திருவிழாவின் ஆவேசமும் அவளுடைய கொலையும் அருகருகே நிற்கின்றன. உடனே பிறந்த தியரி: அவள் கொல்லவில்லை, அங்காளம்மன் இறங்கிக் கொன்றாள். எவ்வளவு மரியாதையான தியரி! நந்தினிக்குக் கோயில் கட்டியதுபோல இருக்கிறது. ஆனால் இதில் நந்தினி எங்கே போனாள்? பல ஆண்டுகள் வாய்மூடி இருந்தவள், தங்கை செத்த பிறகு தன் கையால் செய்த ஒரு காரியம். அது சரியா தவறா என்று சண்டை போடலாம். அந்தச் சண்டையைப் போடுவதற்குக்கூட அது அவளுடைய காரியமாக இருந்தாக வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவத்தில் நந்தினி சிறையில் இருக்கிறாள். அம்மனுக்கு எந்த நீதிமன்றமும் சம்மன் அனுப்பவில்லை.

அந்த இரண்டாம் பருவத்தில் அஷ்டகாளித் திருவிழா. வழக்கறிஞர் செல்லப்பா கொலையுண்டு கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள், ஒவ்வொருத்தியும், நான்தான் கொன்றேன் என்கிறார்கள். முதல் பருவத்தை விட எனக்கு இது பிடித்திருந்தது. நடுப்பகுதியில் இழுவை உண்டென்றாலும். ஏனென்றால், தியரி கட்டுகிறவர்களின் அடிப்படையையே அது ஆட்டிவிடுகிறது. யார் செய்தது என்று மறைக்கும் கதைகளைத்தான் நமக்குத் தெரியும். எல்லாருமே ஒப்புக்கொள்ளும் கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு பகுதி பார்த்ததுமே ஒரு மாணவி தீர்மானமாகச் சொன்னாள்: “எட்டுப் பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா, பின்னால ஒருத்தன் இருந்து சொல்லிக் கொடுத்திருக்கான் மேம்.” ஒருத்தன். ஒருத்தி இல்லை. எட்டுப் பெண்கள் தாங்களாகவே ஒன்றுகூடி ஒரு முடிவெடுத்திருக்கலாம் என்பது அவளுடைய கற்பனைக்குள்ளேயே வரவில்லை.

அவளைக் குறைசொல்லிப் பயனில்லை. உலகம் முழுக்க இதே கற்பனைதான். 2021 ஜனவரி முதல் மார்ச் வரை வந்த ‘வாண்டாவிஷன்’ என்ற மார்வெல் தொடரை எங்கள் பிள்ளைகள் பலரும் பார்த்திருக்கிறார்கள். காதலனை இழந்த வாண்டா துக்கம் தாங்காமல் ஒரு சிற்றூரையே மந்திரத்தால் கட்டி, அதற்குள் பழைய தொலைக்காட்சி நாடகங்களைப் போல ஒரு குடும்பம் நடத்துகிறாள். ஊர்மக்கள் அவளுடைய நாடகத்தில் சிறைப்பட்ட நடிகர்கள். பக்கத்து வீட்டு ஆக்னஸ் உண்மையில் அகதா ஹார்க்னஸ் என்ற பழைய சூனியக்காரி என்பது ஏழாம் பகுதியில் தெரிகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் பார்வையாளர்களில் பெருங்கூட்டம் ஒன்று அசையவில்லை. இவர்கள் இருவருக்கும் பின்னால் மெஃபிஸ்டோ இருக்கிறான், அந்தச் சாத்தான்தான் ஆட்டுவிக்கிறான் என்று கடைசிப் பகுதிவரை காத்திருந்தார்கள். காமிக்ஸ் கதைகளில் வாண்டாவின் பிள்ளைகளோடு அவனுக்குத் தொடர்பு உண்டு என்பதால் தியரிக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. மெஃபிஸ்டோ யார் என்பதற்கு அவர்கள் பலமாகப் பந்தயம் கட்டிய பெயர் ரால்ஃப். ஆக்னஸ் பேச்சுக்குப் பேச்சு குறிப்பிடும், திரையில் முகமே காட்டாத கணவன்!

மெஃபிஸ்டோ வரவில்லை. ரால்ஃப் என்பவன் அகதாவின் மந்திரத்தில் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று தெரிந்தது. பலருக்கு ஏமாற்றம். எனக்கு இந்த ஏமாற்றம்தான் சுவாரசியமாக இருந்தது. ஊரைக் கட்டிவைத்தது வாண்டா, அவளுடைய சக்தியைத் திருட வந்தது அகதா என்று தொடரே சொன்ன பிறகு, இன்னும் என்ன விடை தேவைப்பட்டது? மெஃபிஸ்டோ வந்திருந்தால் வாண்டா நிரபராதி ஆகியிருப்பாள். ஊரையே பொம்மையாக்கிய குற்றம் அவள்மேல் இருந்து இறங்கியிருக்கும். கூடவே, ஓர் ஊரை உருவாக்குமளவு வளர்ந்த அவளுடைய துக்கமும் இறங்கியிருக்கும். 2024இல் வந்த ‘அகதா ஆல் அலாங்’ தொடரிலும் மெஃபிஸ்டோவைத் தேடினார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தத் தொடரில் ரசிகர்கள் சில விடைகளைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். பெயர் சொல்லாத அந்தப் பையன் வாண்டாவின் மகன் என்றும், ரியோ என்பவள் மரணமே என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். மரணம் பெண்ணாக வரலாம் என்று ஊகிக்க முடிந்தவர்களுக்கு, சூனியக்காரி யாருடைய கையாளும் இல்லை என்று ஊகிக்க முடியவில்லை.

இந்தத் தியரிக்கு ஐந்நூறு ஆண்டு வயது. ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி 1486 வாக்கில் எழுதிய சூனியக்காரி வேட்டை நூலில், சூனியக்காரியின் சக்தி அவளுடையதல்ல. சாத்தானோடு அவள் செய்துகொண்ட உடன்படிக்கையால் வருவது. அவளோடு படுக்கையைப் பகிர்கிறவனும் அவனே. அகதாவின் கதை தொடங்கும் சேலம் ஊரில் (நம் சேலம் அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது) 1692இல் நடந்த விசாரணைகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அங்கே முதலில் ஒப்புக்கொண்டவள் டிடுபா என்ற அடிமைப் பெண். விசாரித்தவர்கள் அவளுக்குப் பின்னால் இருப்பது யார் என்று துருவினார்கள். கறுப்பு உடையணிந்த உயரமான ஓர் ஆள் வந்ததாக அவள் சொன்னாள். அவர்கள் கேட்க விரும்பிய பதில் அது. அதைச் சொன்னவள் தூக்கிலிருந்து தப்பினாள். சூனியக்காரி இல்லை என்று கடைசிவரை மறுத்தவர்கள்தான் தொங்கினார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பாஸ்டன் நினைவுக்கு வரவில்லை, பம்பைச் சத்தம்தான் கேட்டது. இஸபெல் நபோகோவ் என்ற மானுடவியலாளர் தென்னார்க்காட்டில் தங்கி ஆராய்ந்து 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். பேய் பிடித்த பெண்களையும் பேயோட்டும் பம்பைக்காரர்களையும் பற்றி அதில் விரிவாக எழுதியிருக்கிறார். பிடிபடுபவர்களில் மிகுதியானவர்கள் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிடிக்கும் பேயோ பெரும்பாலும் அற்பாயுளில் செத்த, ஆசை தீராத இளைஞன். பம்பைக்காரர் பாடிப் பாடிக் கேட்பார்: நீ யார், உன் பேர் என்ன, எந்த ஊர், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பார்த்தாய்? பெயர் வரும்வரை விடமாட்டார்கள். பெயர் வந்ததும், போவதற்கு என்ன வேண்டும் என்று பேரம். கடைசியில் அவளுடைய தலைமுடியில் ஒரு கற்றையைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டால் அவன் போய்விட்டான். அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பலாம். காதலனை ஓட்டி மனைவியை மீட்கும் சடங்கு என்று நபோகோவ் இதைப் படிக்கிறார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதைப் பார்க்காத பெண் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதத்தில் ஒருத்தி சோறு இறங்கவில்லை என்கிறாள், புருஷனைக் கண்டால் கத்துகிறாள், தண்ணீர் எடுக்கப் போனவள் போன இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் ஏன் கத்துகிறாள் என்று அவளைக் கேட்பதில்லை. அவளுக்குள் இருக்கிறவனைக் கேட்கிறார்கள். அவன் பேசினால் எல்லாருக்கும் நிம்மதி. அவள் வாயால் மாமியாரைத் திட்டியது அவன். படுக்க மாட்டேன் என்றது அவன். அவள் சொன்னது எதுவும் கணக்கில் சேராது. மெஃபிஸ்டோவைத் தேடிய ரசிகர்களும் பம்பைக்காரரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவளுக்குப் பின்னால் யார்? ஒரு வேறுபாட்டையும் மறைக்கக்கூடாது. பம்பைச் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்குச் சில மணி நேரமாவது கத்த இடம் கிடைத்தது. அந்த இடம்கூட இல்லாத வீடுகள் ஏராளம்.

நம் பழங்கதைகளில் வேறொரு வகைப் பெண்ணும் இருக்கிறாள். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி மாற்றாளின் பிள்ளைக்குப் பால் புகட்டுகிறாள். பால் விக்கிப் பிள்ளை இறந்துபோகிறது. அதைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறவளிடம் ஓர் இளம்பெண் வடிவில் வந்து பிணத்தை வாங்கித் தின்பவள் இடாகினி. அவளை ஏவியவர் யாரும் இல்லை. சுடுகாட்டில் இருக்கிறாள், பசிக்கிறது, தின்கிறாள். மாலதியின் தவிப்பின் பக்கத்திலேயே இடாகினியின் பசியையும் வைத்தவர் அவளுக்கு ஓர் எசமானைத் தேடவில்லை.

பழையனூர் நீலி இன்னும் கூர்மையானவள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகித் திரும்பி வருகிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னோடு வர மறுக்கிறார் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவள் கண்ணீரை நம்பி, அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் சாகிறான், அவர்கள் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டில் அந்த எழுபது பேரையும் இன்றும் கொண்டாடுகிறார்கள். அவளுக்கு மொழியில் கிடைத்த இடம் என்ன? நீலிக் கண்ணீர். பொய்யழுகைக்கு அவள் பெயர். கொலையுண்டது அவள்தான், அழுததும் அதற்காகத்தான், குற்றவாளியாக அவள் காட்டியதும் சரியான ஆளைத்தான். பிள்ளைதான் கள்ளிக் கொம்பு. கண்ணீரில் பொய் இல்லை. நீலியைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ‘இவளுக்குப் பின்னால் யார்’ என்பதல்ல, ‘இவளுக்கு முன்னால் என்ன நடந்தது’ என்பது. கதை அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. பழமொழியாக்கியவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் ‘பின்னால் யார்’ என்ற கேள்வியையே தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது. அது கேட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அதை யாரும் கேட்பதில்லை. சார்க்கண்டிலும் பீகாரிலும் ஒடிசாவிலும் அசாமிலும் சூனியக்காரி என்று சொல்லி இன்றும் பெண்களை அடித்துக் கொல்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களில் சூனியத்தைத் தனியாகவே கணக்கெடுக்கிறது. பீகாரில் 1999இலும் அசாமில் 2015இலும் இதற்கெனத் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. 1995இல் சார்க்கண்ட் பகுதியில் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சுட்னி மகதோ, பின்னர் தன்னைப் போன்ற பெண்களை மீட்கத் தன் வாழ்நாளைக் கொடுத்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு அதே விருதைப் பெற்றவர் அசாமில் இதற்காகப் போராடிய பீருபாலா ராபா.

இந்த வழக்குகளில் பலவற்றில் அடிபடுபவள் விதவை, துணையற்றவள், காணி நிலம் வைத்திருப்பவள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், மாடு செத்தால், அவள் பார்வை பட்டது என்பார்கள். அவள் ஓடிய பிறகு அவள் நிலத்தை உழுகிறவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கொழுந்தனாகவோ பங்காளியாகவோ இருப்பான். இங்கேதான் மெஃபிஸ்டோ உண்மையாகவே இருக்கிறான், வேட்டியும் பட்டாவுமாக. ஆனால் இங்கே யாரும் தியரி கட்டுவதில்லை. அந்தக் கிழவிக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம்கூட வருவதில்லை. சக்தி உள்ள வாண்டாவிடமிருந்து அதைப் பிடுங்கி ஓர் ஆணிடம் கொடுக்கிற மனசு, ஒன்றுமில்லாத கிழவிக்கு ஊரையே அழிக்கும் சக்தியைத் தாராளமாகத் தந்துவிடுகிறது. இரண்டிலும் அந்த ஆணுக்கு இழப்பில்லை. குணாவும் அப்படித்தான் கடைசிவரை பட்டியலில் ஏறாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

‘சுழல்’ இரண்டாம் பருவத்தை வைத்துச் சென்ற பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் கொலைகாரரைக் கண்டுபிடித்த விதத்தை எழுதினார்கள், சிலர் நன்றாகவே எழுதினார்கள். கைலி நெய்யும் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் வேறு வழியில் போயிருந்தாள். எட்டுப் பேர் சொல்வதும் பொய் என்று எல்லாரும் தொடங்குகிறோம். எட்டும் உண்மை என்று வைத்துத் தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்டு, ஒவ்வொருத்தியாக எடுத்து, செல்லப்பாவைக் கொல்ல அவளுக்கு என்ன காரணம் இருந்திருக்கலாம் என்று தன் ஊகத்தைப் பதினொரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். நான்காவது பெண்ணுக்கு அவள் எழுதிய காரணம் தொடரில் எங்குமே இல்லாதது. ஓரத்தில், இது எங்கிருந்து கிடைத்தது என்று பென்சிலால் கேட்டிருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் அதைப் படித்துவிட்டு, “அது நான் போட்டது மேம்” என்றாள்.